சினை பார்க்கிற கை

ஒரு பொய் சொல்லிவிட்டேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

2013ஆம் வருஷம். செங்கல்பட்டு போகிற வழியில் ஒரு பயிற்சி மையம். வெள்ளாட்டுப் பண்ணை வைப்பது எப்படி என்று மூணு நாள் வகுப்பு. நாப்பது பேர் வந்திருந்தோம். பாதிப் பேர் நிலம் வைத்திருக்கிறவர்கள். நெல்லில் ஒன்றும் நிற்கவில்லை, ஆடு போட்டுப் பார்க்கலாம் என்று வந்தவர்கள். எனக்கு நிலம் கிடையாது. மீஞ்சூர் பக்கத்தில் சேரியில் எங்க அக்கா வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் கிடந்தது. மூட்டை தூக்கித் தோள் விட்டுப்போன பிறகு ஆடாவது வளர்க்கலாம் என்று அந்த இடத்தை நம்பிப் போயிருந்தேன்.

ரெண்டாம் நாள் மத்தியானம் டாக்டர் ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். அதில் அஞ்சு கட்டம். முதல் கட்டம் நல்ல ரத்தச் சிவப்பு. கீழே போகப்போக வெளுத்து, கடைசிக் கட்டம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. ஆட்டின் கீழ் இமையை விரலால் இழுத்து, உள்ளே தெரிகிற சதையின் நிறத்தை இந்த அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பாக இருந்தால் ஆடு நன்றாக இருக்கிறது. நாலாவது, அஞ்சாவது கட்டத்தோடு ஒத்துப்போனால் வயிற்றில் ரத்தம் குடிக்கிற புழு இருக்கிறது, உடனே மருந்து கொடுக்க வேண்டும். எல்லா ஆட்டுக்கும் சும்மா சும்மா புழு மருந்து ஊற்றினால் புழு அந்த மருந்துக்குப் பழகிவிடும். அதனால் எந்த ஆட்டுக்குத் தேவையோ அதற்கு மட்டும் கொடுக்கத்தான் இந்த அட்டை. 1990களில் தென்னாப்பிரிக்காவில் உருவாக்கியது, ஃபமாச்சா என்று பேர் என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் என்னமோ செய்தது. வாய் தானாகத் திறந்துவிட்டது.

"எங்கம்மா இப்படித்தான் சார் பாப்பாங்க. அட்டை இல்லாமலே."

டாக்டர் நல்ல மனுஷர். அவருக்கு சந்தோஷம். "அப்படியா! அவங்க எங்க கத்துக்கிட்டாங்க?"

நாப்பது முகமும் என் பக்கம் திரும்பியது. என் பக்கத்து நாற்காலிக்காரர் அன்றைக்குக் காலையில்தான் என்னிடம் எந்த ஊர் என்று கேட்டு, ஊரைச் சொன்னதும் எந்தத் தெரு என்றும் கேட்டிருந்தார். எதற்காக அப்படிக் கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

"கிராமத்துல சார். பரம்பரையா ஆடு வச்சிருந்தாங்க" என்றேன்.

அதுதான் அந்தப் பொய்.

*

பேசின் பிரிட்ஜ் என்றால் உங்களுக்கு சென்ட்ரல் வருவதற்கு முன்னால் ரயில் நிற்கிற இடம். சிக்னல் கிடைக்காமல் நிற்கும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவர்கள் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்துவார்கள். சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நாங்கள் அதைப் பார்த்துச் சிரிப்போம். ஒரு பக்கம் தண்டவாளம், ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், நடுவில் எங்கள் குடிசைகள். நைனா சால்ட் கோட்டர்ஸ் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினார். எனக்கு ஏழு வயசிருக்கும்போது செத்துப்போனார். அதற்கப்புறம் அம்மாதான்.

எங்களிடமிருந்து இருபது நிமிஷ நடையில் புளியந்தோப்பு ஆடுதொட்டி. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. மெட்ராஸ் சாப்பிடுகிற கறியில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகும். ஆந்திராவிலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும்கூட லாரியில் ஆடு வந்து இறங்கும். விடியற்காலை மூணு மணிக்கெல்லாம் வேலை ஆரம்பித்துவிடும். கறி கடைக்குப் போகும், தோல் தோல்மண்டிக்குப் போகும். மிச்சம் இருக்கிற தலை, கால், குடலைச் சுற்றி ஒரு கூட்டம் பிழைத்தது. எங்கம்மா குடல் அலசுகிறவள். தீனிப்பையைக் கிழித்துச் சாணியைக் கொட்டி, திருப்பிப் போட்டுச் சுண்ணாம்பு தடவிச் சுரண்டி, தண்ணியில் அலசி வெள்ளையாக்கிக் கொடுக்க வேண்டும். கூலி கொஞ்சம் காசு, கொஞ்சம் குடல். அம்மா வீட்டுக்கு வந்தால் முதலில் வாசலில் உட்கார்ந்து கைக்கு மண்ணெண்ணெய் தேய்ப்பாள். அப்படியும் வாடை போகாது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றவன் அந்த வாடையைச் சொல்லித்தான் எழுந்து போனான்.

ஆனால் அந்த இடத்தில்தான் எங்கம்மா படித்தாள். ஒரு ஆட்டுக்குள்ளே என்னென்ன இருக்கும் என்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவை பார்க்கிற ஆள் வேறு யார்? ஆட்டுக்கு வயிறு நாலு அறை. நாலாவது அறையில் சில ஆட்டுக்கு சிவப்பு நூல் மாதிரி புழு கொசகொசவென்று இருக்கும். அந்த ஆட்டின் தலை பக்கத்துக் கூடையில் கிடக்கும். இமையைப் பார்த்தால் வெளுத்திருக்கும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, வெளுத்த கண்ணும் சிவப்பு நூலும் ஒண்ணா வருதுன்னு கண்டுபிடித்தாள். ஈரலில் இலை மாதிரி தட்டைப்புழு இருந்தால் அது தண்ணி தேங்கின இடத்துல மேஞ்ச ஆடு என்பாள். தீனிப்பையில் பிளாஸ்டிக் பை உருண்டையாகத் திரண்டிருந்தால் "டவுன் ஆடுடா இது" என்பாள். வெட்டரினரி காலேஜ் எங்களுக்கு ரொம்ப தூரத்தில் இல்லை. வேப்பேரியில்தான் இருக்கிறது, 1903லிருந்து. ஆனால் அவள் படித்தது வேறு வாசலில்.

படித்ததை வீட்டில் செய்து பார்த்தாள். எங்களிடம் எப்போதும் அஞ்சாறு ஆடு இருக்கும். முதல் ஆடு லாரியில் பிறந்த குட்டி. சினை ஆட்டை ஏற்றி வந்து, வழியிலேயே ஈன்று, தாய் மிதிபட்டுச் செத்துவிட்டது. ஈரம்கூடக் காயாத குட்டியை டிரைவர் தூக்கி எறியப் போனான். அம்மா முந்தானையில் வாங்கிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் அன்றைக்கு ஈன்ற வேறொரு ஆட்டிடம் சீம்பால் கறந்து, துணியை நனைத்து வாயில் வைத்தாள். "இந்தப் பாலு மொத ஒரு மணி நேரத்துல உள்ள போவணும். இல்லாங்காட்டி குட்டி நிக்காது" என்பாள். டாக்டரும் அதையேதான் சொன்னார். குட்டி எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் முதல் நாளில் உள்ளே போக வேண்டும், நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் இருக்கிறது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன், தெரியாதவன் மாதிரி.

ரயில்வேயில் கழித்துப் போட்ட கட்டைகளை வைத்து முழங்கால் உயரத்துக்கு ஒரு பரண் அடித்திருந்தாள். கட்டைக்குக் கட்டை விரல் இடைவெளி. புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும், ஆடு காய்ந்த இடத்தில் படுக்கும், குளம்பு அழுகாது. நாங்கள் தரையில் படுத்தோம். கால்வாய்த் தண்ணி உள்ளே வருகிற மழை நாளில் நாங்களும் பரண்மேல் ஏறிக்கொள்வோம். ஆட்டு மயிர்ச் சூட்டில் தூங்கியிருக்கிறேன். வளர்ந்த பெட்டை ஆடு ஒன்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து சதுர அடி இடம் வேண்டும் என்று வகுப்பில் சொன்னபோது நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். எங்கள் குடிசை பத்துக்கு எட்டு. ஆயாவையும் சேர்த்து ஆறு பேர். ஆளுக்குப் பதின்மூணு வந்தது. ஆட்டுக்கு சரியாகத்தான் இருந்திருக்கும்.

தீனிக்குக் கொத்தவால் சாவடி. முட்டைக்கோஸ் இலை, காலிஃபிளவர் தண்டு, வாழைத்தோல் எல்லாம் மூட்டை கட்டித் தலையில் கொண்டு வருவோம். சினிமா போஸ்டரை ஆடு தானே கிழித்துத் தின்றுவிடும், மைதாப் பசைக்காக. கல்யாண வீட்டில் மிச்சமான சோற்றை யாராவது புண்ணியம் என்று ஆட்டுக்குக் கொட்டினால் அம்மா ஓடுவாள். ஒரே நேரத்தில் சோறு அதிகமானால் வயிறு புளித்து உப்பி ஆடு செத்துவிடும். ஆப்ப சோடாவைத் தண்ணியில் கரைத்து மூங்கில் குழாயில் ஊற்றி ரெண்டு ஆட்டை மீட்டிருக்கிறாள். புதுசா வருகிற ஆட்டை மற்றதோடு சேர்க்க மாட்டாள். அமாவாசைக்கு அமாவாசை தனிக் கட்டு. சந்தையில் கலந்த ஆடு நோயைக் கூட்டிக்கொண்டு வரும் என்பது அவளுக்குத் தெரியும். ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதல்முதலில் 1987இல் நம்ம விழுப்புரம் பக்கத்து அரசூரில்தான் கண்டுபிடிக்கப்பட்டது, அரசூர் கிருமியை வைத்தே தமிழ்நாட்டில் தடுப்பூசியும் செய்திருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். மூக்கில் சளி அடைத்து, வாய் புண்ணாகி, கழிந்து கழிந்து செத்த ஆடுகளை அந்தக் காலத்தில் எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் பார்த்தோம். எங்கள் வீட்டில் ஒன்றுகூடப் போகவில்லை. செய்வினை வைத்திருக்கிறாள் என்று பேசினார்கள்.

*

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தை சினை பார்ப்பது. காலையில் தீனி வைப்பதற்கு முன்னால், வெறும் வயிற்றில் பார்க்க வேண்டும். இடப்பக்கம் தீனிப்பை, வலப்பக்கம்தான் குட்டி. மடிக்கு முன்னால் வலது விலாவில் கையை வைத்து மெதுவாக உள்ளே தள்ளி விட்டால், மூணு மாசம் தாண்டியிருந்தால் உள்ளேயிருந்து ஒன்று வந்து கையில் முட்டிவிட்டுப் போகும். என் கையைப் பிடித்து வைத்துக் காட்டுவாள். "தண்ணில கீற தேங்கா மாதிரி" என்பாள். ஆட்டுக்குச் சினை அஞ்சு மாசம்.

எனக்குப் பத்து வயசு. தீபாவளிக்கு முந்தின ராத்திரி. தொட்டிக்கு வெளியே ஒரு சந்தில், ஒரு வியாபாரி தன் பின்கட்டிலேயே ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிக்கொண்டிருந்தான். அம்மாவைக் குடல் அலசக் கூப்பிட்டிருந்தான். நான் தண்ணி தூக்கப் போனேன். ஆள் பத்தாமல் அம்மாவையே ஆட்டைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தவள் விட்டுவிட்டாள்.

"இது சினைய்யா. நாலு மாசம் இருக்கும். வேணாம்."

"குடலு அலச வந்தியா, பிரசவம் பாக்க வந்தியா?" எல்லாரும் சிரித்தார்கள்.

"எங்கூட்ல கிடா ஒண்ணு கீது. ரெண்டு பல்லு போட்டது. இத்தவிடக் கறி நிக்கும். அத்த ஓட்டியாறேன், இத்த வுட்ரு."

"சாக்கடை தின்ன சேரி ஆட்டை எவன்மே வாங்குவான்? புடி."

அம்மா பிடிக்கவில்லை. வேறொருவன் பிடித்தான். உள்ளே ரெண்டு குட்டி இருந்தது. மயிர் முளைத்திருந்தது. அந்த வயிற்றையும் எங்கம்மாதான் அலச வேண்டியிருந்தது. அலசினாள். கூலி வாங்கவில்லை. ரெண்டையும் சாக்கில் சுற்றிக் கொண்டு வந்து கால்வாய்க் கரையில் புதைத்தோம். நான்தான் பள்ளம் தோண்டினேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் குடல் குழம்பு வைத்தார்கள், நானும் சாப்பிட்டேன். அதற்கு மறுநாள் அம்மா வேலைக்குப் போனாள். இவ்வளவு இரக்கம் இருந்தால் கறியை விட வேண்டியதுதானே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எங்களுக்குக் கிடைத்தது குடல். அதைத் தின்று உயிரோடு இருந்த பொம்பளைதான் ஒரு சினை ஆட்டுக்காகத் தன் கிடாவைத் தருகிறேன் என்றாள். ஜீவகாருண்யம் பேசுகிற யாரும் அந்தச் சந்துக்கு அந்த ராத்திரி வரவில்லை. அவர்கள் வேறு இடத்துக்கு வந்தார்கள். 2003இல் நம்ம சாமிகளுக்கு ஆடு கோழி வெட்டக் கூடாது என்று 1950ஆம் வருஷத்துச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். அன்றைக்கும் கறிக்கடைகளில் வழக்கம்போலக் கூட்டம் இருந்தது. ஜனங்கள் சும்மா இருக்கவில்லை, 2004இல் அந்தச் சட்டத்தையே நீக்க வேண்டி வந்தது.

*

2001இல் எங்களைக் கிளம்பச் சொன்னார்கள். மூணு நாள் அவகாசம். நகரத்துக்குத் தெற்கே ஒரு கோடியில் அடுக்குமாடி. ஆடு கூடாது என்றார்கள்.

மாமிசக்கூடத்துக்கான மத்திய அரசு விதிகள் வந்ததும் அதே 2001இல்தான். நான் வெகுகாலம் கழித்துப் படித்தேன். சினை ஆட்டை வெட்டக் கூடாது. மூணு மாசத்துக்குக் குறைந்த குட்டியை வெட்டக் கூடாது. வெட்டுவதற்கு முன் இருபத்துநாலு மணி நேரம் ஓய்வு வேண்டும். ஒரு ஆட்டை வெட்டுவதை இன்னொரு ஆடு பார்க்கக் கூடாது. எல்லாம் நல்ல விதி. எங்கம்மா கையெழுத்துப் போட்டிருப்பாள். 1978ஆம் வருஷத்து விதியின்படி அஞ்சு டன் லாரியில் நாப்பது ஆட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. எங்களை ஏற்றின லாரியில் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. பக்கத்து வீட்டை இடிப்பதைப் பார்த்துக்கொண்டேதான் ஏறினோம்.

அப்போது ஏழு ஆடு இருந்தது. ஆறு ஆட்டை அம்மாவே கயிறு பிடித்து புளியந்தோப்புக்கு ஓட்டிக்கொண்டு போனாள். இத்தனை வருஷம் அவளுக்கு வேலை கொடுத்த பாய் ஒருத்தர் விலை பேசாமல் பணத்தைக் கொடுத்தார். "நான் வெட்டலம்மா. திருவள்ளூர் பக்கம் வளக்கறவங்களுக்குக் குடுத்துடறேன்" என்றார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அம்மா நம்புவதென்று முடிவு செய்துகொண்டாள்.

ஏழாவது ஆட்டின் பேர் காதறுத்தா. மூணரை மாசச் சினை. அதை அம்மா விற்கவில்லை. விடியற்காலை பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனில், மீன்கூடைக்காரங்க ஏறுகிற பெட்டியில் ஏற்றினோம். கூடைக்காரம்மாக்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வரைக்கும் அம்மா அதன் வலது விலாவில் கையை வைத்துக்கொண்டே வந்தாள். விம்கோ நகரில் இறங்கி எர்ணாவூருக்கு நடந்து போய் எங்க மாமா வீட்டில் விட்டோம். ஒன்றரை மாசத்தில் ரெண்டு குட்டி போட்டது என்று செய்தி வந்தது. அம்மா அன்றைக்கு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

புது வீட்டுக்கு வந்த பிறகும் ரெண்டு பஸ் மாறிக் குடல் அலசவே போனாள். ஆடு இல்லாத கை சும்மா இருக்காது. பேரப்பிள்ளைகளைப் பிடித்து இமையை இழுத்துப் பார்ப்பாள். என் வீட்டுக்காரி மாசமாக இருந்தபோது அவள் கண்ணை இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்லடா, டாக்டராண்ட இட்டுகினு போ" என்றாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவள் சொன்னது சரி. 2008இல் அம்மா செத்துப்போனாள்.

*

பயிற்சியின் கடைசி நாள் டாக்டர் ஐந்து சுதந்திரங்கள் பற்றிப் பேசினார். பசி தாகத்திலிருந்து, அசௌகரியத்திலிருந்து, வலி காயம் நோயிலிருந்து, பயம் வேதனையிலிருந்து விடுதலை. அப்புறம் தன் இயல்புப்படி நடந்துகொள்ளும் சுதந்திரம். இங்கிலாந்தில் ஒரு கமிட்டி 1965இல் கொடுத்த அறிக்கையில் ஆரம்பித்துப் பிறகு வகுத்தது என்றார். நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆட்டுக்கு அந்த அஞ்சும் வேண்டும். பரணில் ஆடு காய்ந்த இடத்தில் படுக்க வேண்டும் என்று கட்டை பொறுக்கினவளின் பிள்ளை நான்.

அப்புறம் தினசரி வேலை பற்றிப் பேச்சு வந்தது. இமை பார்க்கணும், கொட்டில் கூட்டணும், குட்டி ஈனும்போது ராத்திரி கண்விழிக்கணும், இதையெல்லாம் யார் செய்வது என்று டாக்டர் கேட்டார். என் பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார்: "ஆள் போட்டுக்கலாம் சார். எங்க ஊர் சேரியில கிடைப்பாங்க. குடும்பமா வந்து கொட்டாய்லயே படுத்துக்குவாங்க."

யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. டாக்டர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். ஆட்டுக்கு இத்தனை சதுர அடி என்று நோட்டில் எழுதின நாப்பது பேரில் ஒருவரும், அந்தக் குடும்பத்துக்கு எத்தனை சதுர அடி என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதற்குப் பிறகும் தஞ்சாவூர்ப் பக்கம் ஆட்டுக் கிடைகளில் முன்பணத்துக்கு அடகு வைத்த நம்ம பிள்ளைகளையும் இருளர் பிள்ளைகளையும் மீட்ட செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தப் பிள்ளை பசியோடு நிற்கிற கிடையில் எந்த ஆடு நோயில்லாமல் இருக்கும்? இமை பார்க்கிற கை அதனுடையதுதானே.

இப்போது அக்கா வீட்டுக்குப் பின்னால் எட்டு ஆடு இருக்கிறது. 2011க்குப் பிறகு அரசாங்கம் கொடுத்த இலவச ஆடு வாங்கின பெண்கள் எங்கள் சேரியில் சிலர் இருக்கிறார்கள். ஆடு சோர்ந்து நின்றால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் இமையை இழுத்துக் காட்டுவேன். சினை பார்க்க அவர்கள் கையைப் பிடித்து விலாவில் வைப்பேன். போன மாசம் ஒரு பெண் கேட்டாள்: "இதெல்லாம் எங்கண்ணா கத்துக்கிட்ட?"

அவளுக்குச் சொன்னதை அந்த டாக்டருக்கும் சொல்லிவிடுகிறேன். சார், எங்கம்மா கிராமத்தில் ஆடு வைத்திருக்கவில்லை. பேசின் பிரிட்ஜில் வைத்திருந்தாள். ஆடுதொட்டியில் குடல் அலசினாள். அங்கேதான் கற்றுக்கொண்டாள்.